யோடயாக்காரம்மாவின் ஏரிக்கரை வீடு

பர்மாவில் தாய்லாந்தை யோடயா என்பார்கள். ரங்கூன் லான்மடாவில் எங்கள் தெருத் தமிழர்களும் அப்படித்தான் சொல்வோம். நான் வேலைக்குச் சேர்ந்த ஹோட்டலுக்குப் பாங்காக்கிலிருந்து ஒரு பெண் தலைமைச் சமையற்காரராக வந்திருக்கிறார் என்று வீட்டில் சொன்னதும் அம்மா கேட்ட முதல் கேள்வி:

"யோடயாக்காரம்மா கீழயா உனக்கு வேலை? என்ன பாஷையில பேசுவே?"

நியாயமான கேள்விதான். எண்பத்தெட்டில் மாணவர் கிளர்ச்சிக்காகப் பல்கலைக்கழகத்தை மூடியபோது நான் விலங்கியல் படித்துக்கொண்டிருந்தேன். பிறகு திறந்தார்கள், மறுபடி மூடினார்கள். பட்டம் கைக்கு வருவதற்குள் படித்ததெல்லாம் மறந்துபோயிருந்தது. ரங்கூனில் புது ஹோட்டல்கள் எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. ஓரளவு ஆங்கிலம் பேசுவேன் என்பதற்காக, சமையலறைக்குக் காய்கறியும் மீனும் வாங்கும் பிரிவில் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள்.

அவருக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். குள்ளமான உருவம், கழுத்தோடு வெட்டிவிட்ட முடி, முழங்கை வரைக்கும் எண்ணெய் தெறித்த தழும்புகள். பாங்காக்கில் ஒரு பெரிய ஹோட்டலில் பாத்திரம் கழுவத் தொடங்கி, ஆண்கள் மட்டுமே நின்ற அடுப்புகளுக்கு நடுவே இடம்பிடித்து மேலே வந்தவர். வந்த வாரமே, விமானத்தில் வந்திறங்கிய அரைத்த மசாலா டப்பாக்களைத் திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டு, என்னிடம் ஆங்கிலத்தில், "எனக்கு பசாரைக் காட்டு" என்றார்.

ஊரைச் சுற்றிவரும் வட்ட ரயிலில் ஏறி இன்சீன் பசாருக்குப் போனோம். ஒவ்வொரு கூடைக்கு முன்னாலும் குந்தி உட்கார்ந்து இலையைக் கசக்கி மோந்தார். சித்தரத்தையைக் கண்டதும் இரண்டு கைகளிலும் அள்ளிக்கொண்டார். அன்று மாலை அதைச் சொன்னபோது அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இருமலுக்கு இடிச்சுக் குடிக்கிறதையா குழம்புல போட்டு வெள்ளைக்காரனுக்குக் குடுக்கறாங்க!"

ஒரே வருடத்தில் அவர் பர்மிய மொழி பேசக் கற்றுக்கொண்டார். ராகம் மட்டும் அவருடையதாகவே இருந்தது. நான் அவரை அமா என்பேன், அக்கா என்று பொருள். அவர் என்னை ஞீமா என்பார், தங்கை. அதன்பிறகு நாங்கள் பேசிக்கொண்டது எல்லாமே பர்மிய மொழியில்தான். தமிழில் எழுதும்போது அவருடைய அந்த ராகத்தைக் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை.

ஹோட்டலின் ஜெனரேட்டரைப் பார்க்க ஒருவர் வருவார். கப்பலில் எஞ்சினியராக இருந்து ஊர் திரும்பிய பர்மியர். அதிகம் பேசாதவர். ஜெனரேட்டர் நன்றாக ஓடிய நாட்களிலும் அவர் வரத் தொடங்கியபோது சமையலறைப் பெண்கள் எல்லோருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. இருவரும் கல்யாணம் செய்துகொண்டார்கள். ஏரிக்கரைப் பக்கம் எஞ்சினியரின் அப்பா விட்டுப்போன பழைய தேக்குமர வீடு இருந்தது. கீழ்த்தளத்துத் தடுப்புகளை எடுத்துவிட்டு, மாமரத்தடியில் மேசைகள் போட்டு, அங்கே சொந்தமாகக் கடை திறந்தார்கள். நானும் சமையலறைப் பெண்கள் சிலரும் ஹோட்டல் வேலையை விட்டு அவர்களோடு போனோம். வாசலையும் கணக்கையும் நான் பார்த்தேன், அடுப்புப் பக்கம் அமா, வறுவலுக்கு மட்டும் நாங்கள் வறுவல்காரி என்று கூப்பிடுகிற ஒருத்தி.

அவர் சமைத்தது யோடயாச் சமையல்தான். ஆனால் ரங்கூன் பசாரில் கிடைப்பது அதற்குள் மெல்ல நுழைந்துகொண்டே இருந்தது. புளிச்சக்கீரையைப் போட்டு ஒரு பச்சைக் குழம்பு வைப்பார். அதைச் சாப்பிட்ட தூதரகத்துக்காரர்கள் மறுநாளே வேறு ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். சில வருடங்களில் பாங்காக்கிலிருந்து விமானம் ஏறிவந்து சாப்பிடுகிற அளவுக்குப் பேர் பரவியது. பத்திரிகைகளில் படம் வந்தது. பாங்காக்கில் ஒரு விழாவுக்குக் கூப்பிட்டு மாலை மரியாதையோடு விருது கொடுத்தார்கள். திரும்பி வந்த அமா பெட்டியைக்கூடத் திறக்கவில்லை. நேராகப் பின்கட்டுக்குப் போய் விரால் மீனுக்குச் செதில் எடுக்க உட்கார்ந்துவிட்டார்.

"விழா எப்படி இருந்துச்சு, அமா?"

"சோறு குழைஞ்சுபோச்சு" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தோட்டம் நிறைய ஆட்கள். அவருடைய கணவர் கரி வாங்கப் போயிருந்தார். வாசல் மேசையில் இருந்த தொலைபேசி அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து பேசினார்கள். கரிக்கடையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாராம். கொண்டுவந்து சேர்க்கும்போதே உயிர் இல்லையாம்.

சமையலறைக்குள் எப்படி நடந்து போனேன் என்று நினைவில்லை. அமா வாணலியில் எதையோ புரட்டிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் தீயை அணைத்தார். நான் சொல்லி முடிக்கும்வரை கரண்டியைக் கையிலிருந்து விடவில்லை.

"காலையில் ஏதாவது சாப்பிட்டாரா?" என்று கேட்டார். "நான் எழும்போது அவர் கிளம்பிட்டார். சாப்பிட்டாரான்னு எனக்குத் தெரியலையே."

டீக்கடையில் இடியாப்பத்தில் மீன்குழம்பு ஊற்றிய மொஹிங்கா சாப்பிட்டதாகக் கரிக்கடைக்காரர் பிறகு சொன்னார். அதை அமாவிடம் சொன்ன பிறகுதான் அவருக்கு அழுகை வந்தது.

காரியமெல்லாம் முடிந்து கடையை மறுபடி திறந்த பிறகு, ஒருநாள் கணவரின் தம்பி வந்தான். முன்பும் வாரம் தவறாமல் வந்து சாப்பிடுகிறவன்தான். அன்றைக்குச் சாப்பிட உட்காரவில்லை. நின்றுகொண்டே இருந்தான். வீடு இன்னும் அவர்கள் அப்பாவின் பெயரில்தான் இருந்தது. பிரிக்கவே இல்லை. அண்ணன் இருந்தவரை அதைப் பற்றி யாரும் பேசவில்லை. இப்போது அவனுடைய சின்ன மகளுக்கு இருதயத்தில் ஓட்டை என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். வெளிநாட்டுக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் செய்ய வேண்டும்.

"வேற வழி தெரியலை, அண்ணி" என்றான். "வித்தாத்தான் முடியும்."

அமா அவனை உட்காரச் சொன்னார். அவன் உட்காரவில்லை.

எங்கள் வாடிக்கையாளர்களில் ஒருவர் வக்கீல். விஷயம் கேள்விப்பட்டு அவராகவே வந்தார். மனைவிக்கும் பங்கு உண்டு, அவர் வெளிநாட்டுக்காரர் என்பதால் சிக்கல் இருக்கிறது, ஆனாலும் வழக்குப் போட்டால் பல வருடம் இழுக்கலாம், அதுவரை யாரும் கையை வைக்க முடியாது என்று விளக்கினார். நாங்கள் பெண்கள் எல்லோரும் சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தோம். எங்கள் சோறும் அந்த வீட்டில்தானே இருந்தது.

"பல வருடம்னா, அந்தக் குழந்தை?" என்று அமா கேட்டார்.

வக்கீல் தன் காகிதங்களை அடுக்கத் தொடங்கினார்.

"அப்ப வேண்டாம்" என்றார் அமா.

எனக்குக் கோபம் வந்தது. வக்கீல் போன பிறகு, "எங்களை நினைச்சுப் பார்த்தீங்களா, அமா?" என்று கேட்டேவிட்டேன்.

"நினைச்சேன், ஞீமா. உங்களுக்கு வேற அடுப்பு கிடைக்கும்." மேசையைத் துடைத்தபடியே, "எனக்குக் கிடைக்குமான்னுதான் தெரியலை" என்றார்.

வீடு விலைபோனது. மழைக்காலம் முடியும்வரை கடை நடந்தது. கடைசி நாள் வெளியாட்களுக்குச் சமைக்கவில்லை. எங்களை உட்காரவைத்து அமாவே பரிமாறினார். தம்பியும் வந்து வாசலில் நின்றான். அமா போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். மீன் தலைக் குழம்பு அவனுக்கு உயிர், அதை வைத்தார். அவன் தட்டில் கண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. நிமிராமல் முழுவதும் சாப்பிட்டான். எதிரே உட்கார்ந்திருந்த வறுவல்காரி தன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டாள். அவனோடு உட்கார்ந்து சாப்பிட அவளால் முடியவில்லை.

மிங்கலாடோன் விமான நிலையத்துக்கு நான் மட்டும் வழியனுப்பப் போனேன். வரும்போது கொண்டுவந்த கத்திப் பையோடுதான் திரும்பிப் போனார்.

பாங்காக்கில், ஐம்பது வயதுக்குமேல், யாரோ ஒருவருடைய உணவகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். எங்கள் ஊர்ப் புளிச்சக்கீரைக் குழம்பும் கூடப் போனது. அந்த உணவகம் அவரால் புகழ்பெற்றது. மறுபடி பத்திரிகைகள் எழுதின. எப்போதாவது தொலைபேசியில் பேசுவார். "இங்க கூரை ஒழுகினா முதலாளி பார்த்துக்குவான். எனக்கு நிம்மதி" என்று சிரிப்பார். ரங்கூனுக்கு ஒருமுறை வந்து போங்களேன் என்றால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார். ஏரிக்கரை வீட்டை இடித்துவிட்டார்கள் என்று அவருக்கு யார் சொன்னார்களோ, நான் சொல்லவில்லை.

இரண்டாயிரத்தெட்டில் பெரிய புயல் அடித்ததற்கு மறுவருடம் அவருக்கு ஈரலில் நோய் என்று தெரிந்தது. நான் பாஸ்போர்ட்டுக்கு மனுப்போட்டேன். அந்தக் காலத்தில் அது கைக்கு வருவது எளிதான காரியமில்லை. அலுவலகத்தில் நாளை வா, பிறகு வா என்று அலைக்கழித்துக்கொண்டிருந்தபோதே அவர் போய்விட்டார். அங்கே அவரோடு வேலை செய்த பெண் ஒருத்தி பாங்காக்கிலிருந்து ஆங்கிலத்தில் பேசினாள். கடைசி வாரத்தில் அமா பர்மிய மொழியிலேயே பேசினாராம். அங்கே யாருக்கும் புரியவில்லையாம். என்ன கேட்டார் என்று நான் திரும்பத் திரும்ப விசாரித்தேன். அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்தச் சத்தத்தைக்கூட அவளால் திருப்பிச் சொல்ல முடியவில்லை. நான் பக்கத்தில் இருந்திருந்தால் ஒரு வாய் தண்ணீரா, யாரையாவது கூப்பிட்டாரா என்றாவது தெரிந்திருக்கும்.

சில நாள் கழித்து அமாவின் கணவருடைய தம்பி எங்கள் வீட்டைத் தேடி வந்தான். தலை நரைத்திருந்தது. அண்ணியின் பெயரில் பிக்குகளுக்கு அன்னதானம் செய்ய வேண்டும், அண்ணியின் சமையலாகவே இருக்க வேண்டும், நீங்கள் எல்லோரும் வந்து சமைப்பீர்களா என்று கேட்டான்.

அம்மா உள்ளேயிருந்து தமிழில், "போகாதேடி. வீட்டைப் புடுங்கினவனுக்குப் புண்ணியம் சேர்த்துக் குடுக்கப் போறியா?" என்றாள்.

பழைய பெண்களிடம் போய்ச் சொன்னேன். பாதிப் பேர் வரமாட்டோம் என்றார்கள். வறுவல்காரி, "நீ போனா இனிமே என்கிட்டப் பேசாதே" என்று கதவைச் சாத்தினாள். அவள் சொன்னதிலும் தப்பில்லை. அந்த வீடு போன பிறகு அவளுக்கு நிலையான வேலையே அமையவில்லை.

நான் போனேன். விடியும்போதே மடத்தின் சமையற்கூடத்தில் அடுப்பு மூட்டினோம். வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான் என்பதால் பேச நேரமில்லை. பிக்குகள் உச்சிவேளைக்கு முன் சாப்பிட்டாக வேண்டும். பதினைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண் சோற்றுக் கூடைகளைத் தூக்கிக்கொண்டு படியேறி இறங்கிக்கொண்டிருந்தாள். ஒருமுறைகூட மூச்சு வாங்கி நிற்கவில்லை. கேட்கவே வேண்டியிருக்கவில்லை, அவள் யார் என்று தெரிந்தது. அவளையே பார்த்துக்கொண்டு நின்றதில் வாணலியில் வெங்காயம் கருகிவிட்டது. கொட்டிவிட்டு வேறு அரிந்தேன்.

சாப்பாடு முடிந்து பிக்குகள் ஓத, தம்பி செம்பிலிருந்து கிண்ணத்தில் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஊற்றினான். செய்த புண்ணியத்தை இறந்தவருக்குப் பங்கிடுகிற சடங்கு அது. அமாவின் பெயரைச் சொல்லும்போது அவனுக்குக் குரல் எழவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்தச் சின்ன மகள் எடுத்துக்கொடுத்தாள். யோடயாப் பெயர், நீளமான பெயர். ஒரு எழுத்து பிசகாமல் சொன்னாள்.

வறுவல்காரி இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. பசாரில் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறாள். நானும் கூப்பிடுவதில்லை.