அக்கா ஒடித்துத் தந்த நொச்சி

மறைந்த அக்காவைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி உறவினர்கள் கேட்டார்கள். நல்லதைத்தான் எழுதுகிறேன். சிலருக்கு உறைத்தால் நான் பொறுப்பல்ல.

அக்கா வற்றாப்பளையில் பிறந்தார். திருமணமாகி உடையார்கட்டுக்கு வந்தார். போரில் அத்தானை இழந்தார். அகதி முகாமிலிருந்து திரும்பியபோது காணியில் வீடும் இல்லை, வேலியும் இல்லை. மாடு வாய் வைக்காத செடி என்று நொச்சித் தடிகளை வெட்டி வந்து, மாரி மழையோடு எல்லை நெடுக ஊன்றினார். கோடையில் குசினிக் கழுவல் தண்ணீரை வாளியில் சுமந்து ஊற்றினார். கிளை உயர்ந்தபோதெல்லாம் இரக்கமில்லாமல் வெட்டிவிட்டார். வெட்டினால்தான் அடர்ந்து இலை தள்ளும் என்பார். வேலி ஆளுயரம் எழுந்தது. மழை விட்டால் வீதிவரை மணக்கும்.

என் கணவர் காலமான பின் நானும் அக்காவிடமே வந்துவிட்டேன். தடிமன், காய்ச்சல், உடம்பு உளைவு என்று ஊரார் எங்கள் படலைக்கு வருவார்கள். அக்கா இலை ஒடித்துக் கொடுப்பார். பிள்ளைகளைப் போர்வைக்குள் இருத்தி, நொச்சி கொதிக்கும் பானையில் வேது பிடித்துவிடுவார். அப்போது யாரும் அதைக் கைம்பெண்ணின் கை என்று பார்க்கவில்லை.

பக்கத்து வளவு மகளுக்குப் பிள்ளை பிறந்தபோதுதான் பார்த்தார்கள். பிள்ளை பெற்றவளின் முதல் தலைமுழுக்குக்கு நொச்சி அவித்த தண்ணீர் வேண்டும். அவளுடைய தாய் படலையில் நின்று, "நீங்கள் இருங்கோ. நல்ல காரியம், நாங்களே ஒடிக்கிறம்" என்றார்.

அக்கா குரலை உயர்த்தவில்லை.

"நட்டதும் இந்தக் கைதான், தண்ணி ஊத்தினதும் இந்தக் கைதான். இலை வேணுமெண்டால் நான்தான் ஒடிச்சுத் தருவன். இல்லாட்டி வேற வேலியைப் பாருங்கோ."

அந்தத் தாய் வெறுங்கையோடு போனார். அக்காவுக்குத் திமிர் என்று ஊரில் கதை எழுந்தது. எங்கள் சொந்தத்திலேயே சிலர், விட்டுக்கொடுத்திருக்கலாமே என்று புத்தி சொல்ல வந்தார்கள். அக்கா அவர்களுக்குத் தேநீர் கொடுத்தார், அசையவில்லை.

மறுநாள் பிள்ளையின் தகப்பன் வந்தார்.

"அன்ரி, நீங்கள் ஒடிச்சுத் தந்தால்தான் மனுசி முழுகுவாவாம். சின்னனில காய்ச்சலுக்கு உங்கட கை வேணும், இப்ப வேண்டாமோ எண்டு மாமியோட சண்டை பிடிச்சுக்கொண்டு நிக்கிறா."

அக்கா ஓலைக் கடகத்தை எடுத்துக்கொண்டு வேலிக்குப் போனார். நிறைய ஒடித்துக் கொடுத்துவிட்டு வந்து குசினிக்குள் இருந்து அழுதார். அதன்பின் ஊரில் எந்தப் பிள்ளை பிறந்தாலும் அக்காவின் கையால்தான் இலை போனது.

கடைசி நாட்களில் அக்காவுக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டு வந்தவர் அதே தாய்தான். அவருக்கும் மகளுக்கும், மருந்துக்கு ஓடியவர்களுக்கும், பந்தல் போட்டவர்களுக்கும், அக்காவைச் சுமந்தவர்களுக்கும் எங்கள் நன்றி. வேலியைத் தறித்து மதில் கட்டச் சொன்ன உறவுகளுக்கும் நன்றி. மதில் வராது.

இலை வேண்டியவர்கள் வாருங்கள். நல்ல காரியத்துக்கும் வாருங்கள். இனி ஒடித்துத் தருவது நான். நானும் கணவரை இழந்தவள்தான். அது தெரிந்தே படலையைத் திறவுங்கள்.

தங்கை
உடையார்கட்டு