கூரையிலிருந்து குதித்த புது நாயகன்

கனடாவுக்கு வந்த புதிதில், மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து இருந்த வீட்டில் ஒரு பழைய தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது. அதில்தான் ஒரு பிரித்தானிய விஞ்ஞானப் புனைகதைத் தொடரை முதன்முதலில் பார்த்தேன். விண்வெளியிலும் காலத்திலும் அலைகிற ஒருவரின் கதை. சாவு நெருங்கினாலும் அவர் சாகமாட்டார்; முகம் மாறி வேறோர் ஆளாக எழும்புவார். நடிகர் மாறுவார், கதை தொடரும். நான் பிறப்பதற்கு முன்பே தொடங்கிய தொடர் அது. ஆங்கிலம் பழகலாம் என்று பார்க்கத் தொடங்கியவன், ஆங்கிலம் வந்த பிறகும் விடவில்லை.

மகள் பிறந்து, உட்காரும் வயது வந்ததும் அவளும் சேர்ந்துகொண்டாள். வீட்டில் தமிழ், பள்ளியில் பிரெஞ்சு, எனக்கும் அவளுக்கும் நடுவில் அந்தத் தொடரின் ஆங்கிலம். பயமான இடம் வந்தால் என் கையை இழுத்துத் தன் கண்ணை மூடுவாள். பிறகு என் விரல் இடுக்கால் எட்டிப் பார்ப்பாள். மனைவிக்கு மட்டும் அது ஒட்டவேயில்லை. "அப்பனும் மகளும் தொடங்கிட்டினம்" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போய்விடுவாள்.

மகள் வளர்ந்து, படமாக்கிய காட்சிகளைக் கணினியில் செப்பனிடும் படிப்பைத் தேர்ந்தெடுத்தாள். படித்து முடித்ததும் மொன்றியலிலேயே ஒரு ஸ்டூடியோவில் வேலை கிடைத்தது. எந்தப் படத்துக்கு வேலை செய்கிறாள் என்று கேட்டால் சொல்லமாட்டாள்.

"கையெழுத்து வைச்சிருக்கிறன் அப்பா. வெளியில வரும்வரைக்கும் ஒருத்தரிட்டையும் கதைக்கக் கூடாது."

நான் துறைமுகத்தில் கொள்கலன் லொறி ஓட்டுகிறவன். பெட்டிக்குள் என்ன இருக்கிறதென்று தெரியாமலே கொண்டுபோய் இறக்குகிறவனுக்கு அது விளங்காமல் போகுமா? அதற்குமேல் நான் கேட்பதில்லை.

அப்படி இருக்கையில்தான் தொடரின் நாயகன் மறுபடியும் மாறப்போவதாகச் செய்தி வந்தது. புதியவர் இளைஞர். படத்தைப் பார்த்ததுமே எனக்குப் பிடிக்கவில்லை. மகளை மெட்ரோவில் இருந்து காரில் ஏற்றி வரும்போதெல்லாம் இதே முறைப்பாடுதான்.

"உந்த முகத்தில வயசே இல்லைப் பிள்ளை. கனகாலம் வாழ்ந்து களைச்ச ஆள் எண்டு உவரை எப்பிடி நம்புறது?"

"பொறுங்கோவன் அப்பா. பார்த்திட்டுச் சொல்லுங்கோ."

"பழைய ஆளை ஏன்தான் விட்டவங்களோ."

அவள் யன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். என் புலம்பல் அலுத்துவிட்டதாக்கும் என்று நினைத்தேன்.

புது நாயகன் முதன்முதலாக வரும் அத்தியாயம் ஒரு சனிக்கிழமை பின்னேரம் வெளியானது. மகள் சென்ட் லோரன்டில் தனியாக வீடெடுத்துப் போயிருந்தாள். அன்றைக்கு வேளைக்கே வந்துவிட்டாள். வந்ததும் தாயைப் பிடித்து இருத்தினாள்.

"அம்மா, இண்டைக்கு நீங்களும் பாருங்கோ."

"எனக்கு உதில என்ன விளங்கப்போகுது?"

"விளங்காட்டிப் பரவாயில்லை. இருங்கோ."

புதியவர் பழையவரின் கோட்டோடு எழும்பினார். அதன் தோள் தொங்கியது, கை நீண்டிருந்தது. தன் விரல்களையே யாரோ தந்துவிட்டுப் போனவை போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் சிரித்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில், உயர்ந்த கட்டடத்தின் கூரையிலிருந்து ஒரு பெண் தவறி விழ, அவர் யோசிக்காமல் பின்னாலேயே குதித்தார். கோட்டு இரண்டு பக்கமும் விரிந்து பறந்தது. "ஐயோ!" என்று மனைவி என் தோளை இறுக்கிப் பிடித்தாள்.

அந்தப் பெண்ணைக் காப்பாற்றிய பிறகு, "நீ யார்?" என்று அவள் கேட்கிறாள். "இப்போதுதான் வந்திருக்கிறேன். எனக்கே இன்னும் தெரியாது" என்கிறார். அதைச் சொன்னபோது அந்த இளம் முகத்தில், நான் இல்லையென்று சொன்ன வயது முழுவதும் இருந்தது.

கதை முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கின. உடனே, அடுத்த நிகழ்ச்சிக்கு இடம் விட்டு, படம் சுருங்கித் திரையின் மூலைக்குப் போனது. நிறுத்துவதற்கு நான் ரிமோட்டை எடுத்தேன்.

"தொடாதேங்கோ!" மகள் பாய்ந்து வந்து பறித்தாள். படத்தைப் பெரிதாக்கி, கொஞ்சம் ஓடவிட்டு, ஓரிடத்தில் நிறுத்தினாள்.

அவளுடைய பெயர். அதற்குப் பின்னால், எங்கள் பிள்ளைகள் எல்லோருக்கும் வருவது போல, தகப்பன் பெயராக என்னுடைய பெயர்.

"இது..."

"ஓம் அப்பா."

"அப்ப நான் காரில கதைச்சதெல்லாம்?"

"எல்லாம் கேட்டனான். வாயைப் பொத்திக்கொண்டு இருந்த பாடு எனக்கெல்லோ தெரியும்!"

எது அவளுடைய வேலை என்று மனைவி கேட்டாள். மகள் அந்தக் கூரைக் காட்சிக்குத் திரும்பப் போனாள்.

"அவரைக் கம்பியில கட்டித்தானம்மா குதிக்க விட்டவை. கோட்டு பறக்கேக்க முதுகுப் பக்கம் கம்பி அதை நசிச்சுப்போடும். கம்பியை அழிச்சு, நசிஞ்ச துணியைத் திரும்பப் பறக்க விட்டது நான். இந்தக் கொஞ்சத்துக்குக் கிழமைக்கணக்கா இருந்தனான்."

நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்குக் கிட்டப் போய் நின்றேன். அவள் ஒவ்வொரு படமாக நகர்த்திக் காட்டினாள்.

"ஒண்டும் தெரியேல்லையே, பிள்ளை."

"தெரியாட்டித்தான் நான் செய்தது சரி."

பெயர்கள் ஓடும் இடத்துக்கு மறுபடி கொண்டுபோகச் சொன்னேன். இந்த நாட்டுக்கு வந்த நாள்முதல் என் பெயரை ஒவ்வொரு அலுவலகத்திலும் வெட்டியும் நீட்டியும் வாசித்திருக்கிறார்கள். நானும் திருத்துவதை விட்டுவிட்டேன். அந்தத் திரையில் அது முழுதாக, ஓர் எழுத்துப் பிசகாமல் நின்றது. மகளின் தலையில் கையை வைத்தேன். அவள் அப்படியே என் தோளில் சாய்ந்துகொண்டாள்.

மறுநாள் ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்து எல்லோரும் மாதா கோவில் மண்டபத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். மனைவி ஒரு கதிரையின் முதுகில் தன் குளிர் அங்கியைப் போட்டு, விரலால் அழுத்திக் காட்டிக்கொண்டிருந்தாள். சுற்றி நாலைந்து பெண்கள்.

"இஞ்சை பாருங்கோ, கம்பி இப்பிடி நசிக்கும். அதை ஒருத்தருக்கும் தெரியாமல் எடுக்க வேணும்."

"அப்ப பிள்ளையின்ர முகம் வராதோ, அக்கா?"

"முகம் வராது. பெயர் வரும்."

பெயரில் நிறுத்திவைத்த அந்தத் திரையை மனைவி தன் கைபேசியில் படம் எடுத்து வைத்திருந்தாள். அது கை மாறி மாறிப் போய்க்கொண்டிருந்தது. நானும் என்னிடம் வரட்டும் என்று, தேநீர் ஆற ஆற, அங்கேயே நின்றேன்.