நாக்கில் ருசி இல்லாமல் அண்ணன் சமைத்த ஈஸ்டர் விருந்து

எங்கள் அண்ணன் ஆண்டவரிடம் சென்று இன்றோடு ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில் பலர் அண்ணன் கையால் சாப்பிட்டவர்கள். அதனால் கடைசித் தங்கையாகிய நான், அண்ணன் ஜெயித்த ஒரு நாளைப் பற்றித்தான் அதிகம் எழுதப் போகிறேன்.

கீழவைப்பாரில் ஐந்து பிள்ளைகளில் மூத்தவராக அண்ணன் பிறந்தார்கள். அப்பா கடலில் தவறியபோது பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் தூத்துக்குடிக்கு வந்து ஓட்டலில் பாத்திரம் கழுவினார்கள், வெங்காயம் நறுக்கினார்கள், கடைசியில் சரக்குக் கப்பலில் சமையல்காரராக ஏறினார்கள். முப்பது வருடம் அந்த வேலை. எங்கள் நால்வரின் படிப்பும் கல்யாணமும் அந்தச் சம்பளத்தில்தான் நடந்தன.

கப்பலில் ஞாயிறுதோறும் ஒரு கோழி வகை செய்வார்களாம். வேகவைத்துப் பிய்த்த கோழியையும் உருளைக்கிழங்கையும், வெண்ணெயில் மைதா வறுத்துப் பாலும் கிரீமும் ஊற்றிக் காய்ச்சிய வெள்ளைச் சாஸில் புரட்டி, மேலே சீஸும் ரொட்டித் தூளும் தூவி ஓவனில் வைப்பது. "கப்பல விட்டு எறங்குன பெறகு ஒரு ஈஸ்டருக்கு எல்லாருக்கும் செஞ்சு போடுதேன்" என்று போனில் சொல்லிக்கொண்டே இருப்பார்கள்.

இறங்கி வந்த ஆறாம் மாதம் வாயில் புற்றுநோய் என்று டாக்டர்கள் சொன்னார்கள். கதிர்வீச்சுச் சிகிச்சையில் நோய் அடங்கியது. ஆனால் நாக்கின் ருசி போய்விட்டது. பாயசமும் ரசமும் தனக்கு ஒன்றுதான் என்று சொல்லி, அண்ணன் அடுக்களைப் பக்கமே போகாமல் படுத்துவிட்டார்கள்.

அடுத்த ஈஸ்டர் வந்தது. தூத்துக்குடி முத்தையாபுரத்தில் அண்ணன் வீட்டில் இருபத்திரண்டு பேர் கூடுவதாக இருந்தது. அண்ணன் மனைவி, எங்கள் மதினி, தயங்கித் தயங்கி, "கடையில பிரியாணி சொல்லிருவமா?" என்று கேட்டார்கள்.

அண்ணன் எழுந்து உட்கார்ந்தார்கள். "நான் உயிரோட இருக்கயில கடைச்சோறா? கோழி வாங்கு."

"ஒங்களுக்கு உப்புத் தெரியாதே?"

"தங்கச்சிக்குத் தெரியும்லா."

ஈஸ்டர் காலையில் பூசை முடிந்ததும் அடுப்பைப் பற்றவைத்தார்கள். சாஸ் கெட்டியானதும் கரண்டி நுனியால் ஒரு சொட்டு என் உள்ளங்கையில் விட்டார்கள். நக்கிப் பார்த்தேன். வாயில் வைக்க முடியாத உப்பு. எத்தனை மாதத்துக்குப் பிறகு எழுந்து நிற்கிறார்கள், எப்படிச் சொல்வது?

"நல்லாருக்குண்ணே."

அண்ணன் அடுப்பை அணைத்தார்கள். "ஏளா, பாவம் பாத்துச் சொல்லுதியா? மூஞ்சி சுருங்குதே. கூடிட்டா, கொறையா?"

"கூடிட்டு."

"எவ்வளவு?"

"கருவாட்டைக் கரைச்சு ஊத்துன மாதிரி இருக்கு."

அண்ணன் சிரித்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அன்றுதான் முதல் சிரிப்பு. "இத மொதல்லயே சொல்லதுக்கு என்ன?" என்று சொல்லி, உப்பில்லாமல் இன்னொரு பங்கு சாஸ் காய்ச்சி இதோடு கலந்தார்கள். உருளைக்கிழங்கைக் கூட்டினார்கள். மறுபடி ருசி பார்க்கச் சொன்னார்கள். மூன்று தடவை பார்த்தேன். மூன்று தடவையும் உள்ளதைச் சொன்னேன். "இதுதாண்ணே சரி" என்று நான் சொன்ன பிறகே கோழியைச் சேர்த்தார்கள்.

எங்கள் வீட்டில் ஓவன் கிடையாது. எல்லாவற்றையும் இரண்டு அகலத் தட்டுகளில் பரப்பி, சீஸும் ரொட்டித் தூளும் தூவி, மடியில் வைத்துக்கொண்டு அடுத்த தெரு பேக்கரிக்கு ஆட்டோவில் போனோம். பேக்கரி அண்ணாச்சி அப்போதுதான் பன் எடுத்து முடித்திருந்தார். "அடுப்புல சூடு நிக்குது, உள்ள வைங்க" என்றார். அண்ணன் ஸ்டூலைப் போட்டு அடுப்பு முன்னால் உட்கார்ந்தார்கள். மேலே சிவந்துவிட்டது, எடுக்கலாம் என்று அண்ணாச்சி சொன்னபோது கையைக் காட்டித் தடுத்தார்கள். "ஓரத்துல கொதிக்கிற சத்தம் இன்னும் கேக்கல அண்ணாச்சி." ஐந்து நிமிடம் கழித்து அந்தச் சத்தம் எனக்கே கேட்டது.

அன்று மதியம் பந்தியில் முதல் தட்டு கொஞ்ச நேரத்தில் காலியானது. பிறகு எங்கள் சின்ன அண்ணன் மூன்றாவது முறையாகத் தட்டை நீட்டினார். மதினி ஓரத்தில் ஒட்டிய முறுகலைச் சுரண்டித் தின்றார்கள். எல்லாரும் அண்ணன் முகத்தையே பார்த்தோம். அவர்கள் ஒரு வாய் எடுத்து மெதுவாக மென்றார்கள்.

"ருசி தெரியல. ஆனா கட்டி தட்டல, திரியல. சரியாத்தான் வந்திருக்கு." காலியான இரண்டு தட்டுகளையும் தூக்கிக் காட்டினார்கள். "கப்பல்ல கேப்டன்கூட இப்படித் தின்னதில்லல!"

வீடே கை தட்டியது.

அதன்பின் மூன்று வருடம் எங்கள் குடும்பத்தில் ஒரு விருந்துக்கும் வெளியாள் சமைக்கவில்லை. ஒருநாள் காலை அண்ணனிடமிருந்து போன். "ஏளா, உடன்குடிக் கருப்பட்டிக் காப்பி குடிக்கேன். இனிக்குதுளா!" இருவரும் போனிலேயே அழுதோம்.

நோய் திரும்பி வந்தபோது அண்ணன் பயப்படவில்லை. சாகும் வேளையில் குருவானவர் எண்ணெய் பூசும் அவஸ்தைப் பூசுதலைப் பெற்று, மதினியின் கையைப் பிடித்தபடி அமைதியாகப் போனார்கள்.

சிகிச்சையளித்த மருத்துவர்களுக்கும் செவிலியருக்கும், அடுப்பைத் திறந்துவிட்ட பேக்கரி அண்ணாச்சிக்கும், வெளிநாட்டுத் துறைமுகங்களிலிருந்து விசாரித்துக்கொண்டே இருந்த கப்பல் தோழர்களுக்கும், இரத்தம் கொடுத்த தெருப் பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பம் நன்றி சொல்கிறது. இன்றைய நினைவுப் பூசை முடிந்ததும் யாரும் சாப்பிடாமல் கிளம்பிவிடாதீர்கள். அண்ணன் இருந்தால் வாசலை மறித்துக்கொண்டு நிற்பார்கள். இன்று அந்த இடத்தில் மதினி நிற்கிறார்கள்.