மலைக்குத் தண்ணீர் கொண்டுபோனவர்கள்

என் மனைவி முன்னால் இறங்கிக்கொண்டிருந்தாள். தோளில் பை, கையில் ஐந்து லீற்றர் வெற்றுக் கலன். அதே மாதிரி இன்னொரு கலன் என் கையில். தேயிலைக்கு நடுவே நூற்றுச் சொச்சம் படிகள். கீழே றோட்டோரக் கடையில்தான் மோட்டார் சைக்கிளை விட்டிருந்தோம். மேலே, நாங்கள் மூன்று நாள் தங்கிய விடுதியின் வாசலில் முதலாளி நின்று இன்னும் பேசிக்கொண்டிருந்தார். மலையகத்துத் தமிழர், மரியாதையான மனிதர். திட்டும்போதும் 'நீங்க' போட்டுத்தான் திட்டினார்.

"இப்பிடி ஆளுங்கள நான் பாத்ததே இல்லீங்க! ஓடுற தண்ணிய யாராச்சும் அடைப்பாங்களா?"

எங்கள் ஊரில் எல்லோரும் அடைப்பார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். மனைவி திரும்பிப் பார்த்தாள். அடுத்த படியில் கால் வைத்தேன்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். அதற்குள்ளேயே இடப்பெயர்வில் நாலு பள்ளிக்கூடம் மாறியாகிவிட்டது. பிறகு ஊர்காவற்றுறையில் நண்டு வலை, தம்புள்ளையில் மரக்கறி லொறி, அநுராதபுரத்தில் செங்கல் சூளை, மாத்தறையில் பேக்கரி. எந்த முதலாளியும் என்னைத் துரத்தியதில்லை. அவர்களுக்கு அந்தச் சிரமத்தை நான் வைப்பதில்லை. கலியாணத்துக்குப் பிறகும் அப்படித்தான். ஆறு வருடத்தில் ஏழு வாடகை வீடு. ஒவ்வொரு முறையும் குசினிச் சாமான்களைச் சாக்கில் கட்டியவள் அவள்.

ஏழாவது வீடு வேலணைத் தீவில், அவளுடைய அண்ணன் வீட்டுக்குப் பக்கத்தில். அண்ணன் கோடைகாலத்தில் தீவுக்குக் குடிதண்ணீர் கொண்டுவரும் பவுசர் லொறியின் சாரதி. அவருக்கு ஓர் உதவியாள் தேவைப்பட்டது. திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு வந்து நிற்கும்படி என்னிடம் சொல்லியிருந்தார். அதற்கு முன் ஒரு கிழமை, ஏழு நாளும் மலைநாடு பார்க்க வேண்டும் என்றாள் மனைவி. கூடவே ஒரு நிபந்தனை.

"இந்தக் கிழமை நீங்கள் போற இடமெல்லாம் நான் வாறன். திங்கள் விடிய நீங்கள் பவுசரிலை நிக்கவேணும். இல்லையெண்டால் நான் அண்ணை வீட்டிலைதான். எட்டாவது வீட்டுக்குச் சாக்குக் கட்ட என்னாலை ஏலாது."

"ஓம்" என்றேன். ஓம் சொல்வதில் எனக்கு ஒருநாளும் கஷ்டம் இருந்ததில்லை.

புறப்படும்போது அவள் இரண்டு கலன் நிறையக் குடிதண்ணீர் கட்டினாள். கோடையில் தீவை விட்டுப் போகிறவர்கள் யாழ்ப்பாணம் போவதென்றாலும் ஒரு போத்தல் தண்ணீர் எடுக்காமல் போவதில்லை. மலைநாடு அதைவிடத் தூரம் என்பது அவள் கணக்கு. மாத்தளைக்கு அப்பால் ஒரு பொலிஸ்காரர் மறித்தார். கலனைத் திறந்து முகர்ந்தார். சந்தேகம் தீராமல் ஒரு வாய் குடித்தும் பார்த்தார். நாங்கள் உண்மையாகவே நுவரெலியாவுக்குத் தண்ணீர் கொண்டுபோகிறோம் என்று தெரிந்ததும், கசிப்புச் சாராயம் காய்ச்சுகிறவர்களைப் பார்ப்பதைவிடக் கவலையாக எங்களைப் பார்த்தார்.

நுவரெலியா, வெலிமடை, பண்டாரவளை. எல்லோரும் குளிருக்கும் பூவுக்கும் முன்னால் நின்று படம் எடுத்தார்கள். மனைவி ஓர் அருவிக்கு முன்னால் அரை மணி நேரம் நின்றாள்.

"இஞ்சாருங்கோ, இது ராவிலையும் விழுமோ?"

"ராவிலை ஆர் வந்து நிப்பாட்டுறது?"

"ஒருத்தரும் பாக்காத நேரமும் சும்மா விழுதோ?" என்றாள். அவள் முகத்தில் இருந்தது வியப்பல்ல, கோபம்.

கடைசியாக அப்புத்தளை. விடுதியின் பின்பக்கம் ஒரு பீலி இருந்தது. மலை ஊற்றிலிருந்து குழாய் வழியாக வரும் தண்ணீர், முதலாளியின் களஞ்சிய அறையை ஒட்டி வந்து, ஒரு கல் தொட்டியில் விழுந்து, வழிந்து வடிகானுக்குள் போகும். திறக்கவும் வழியில்லை, பூட்டவும் வழியில்லை. எந்நேரமும் ஓடும்.

இரண்டாம் நாள் முதலாளி என்னிடம் பேச்சுக் கொடுத்தார். எனக்குச் சிங்களம் தெரியும், சமைப்பேன், மூட்டையும் தூக்குவேன் என்று அறிந்ததும், வருகிறவர்களைக் கவனிக்க ஆள் இல்லை, திங்கட்கிழமை முதல் நிற்க முடியுமா, பின்னறையில் குடும்பத்தோடு இருக்கலாம் என்றார். மச்சானின் பவுசரில் மச்சானுக்குக் கீழே நிற்பதை நினைத்தேன். "ஓம்" என்றேன். மனைவிக்குச் சொல்ல ஒரு நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். என் நல்ல நேரங்கள் பிந்தித்தான் வரும்.

ஞாயிற்றுக்கிழமை அவள் வழக்கம்போல ஐந்து மணிக்கு எழும்பினாள். மூன்று நாளாகப் பொறுத்திருக்கிறாள். பீலிக்குப் பூட்டுகிற திருகு எங்கே என்று தேடினாள். இல்லை. நான் உடுக்கிற பழைய சாரத்தில் ஒரு துண்டைக் கிழித்து, உருட்டி, குழாய் வாயில் வைத்து, கல்லால் அடித்து இறுக்கினாள். பிறகு வந்து படுத்து நிம்மதியாகத் தூங்கினாள்.

ஏழு மணிக்கு முதலாளி கத்தினார். போக வழியில்லாத தண்ணீர் களஞ்சியத்துக்குப் பின்னால் குழாய்ப் பொருத்தைப் பிரித்துக்கொண்டு உள்ளே பாய்ந்திருந்தது. அங்கே விதை உருளைக்கிழங்கு மூட்டைகள். நாங்கள் இருவரும் ஓடிப்போய் மூட்டைகளை வெளியே இழுத்துப் பிரித்து, கிழங்குகளைக் காற்றுப் படப் பரப்பினோம். அவர் துணியைப் பிடுங்கி எடுத்து, செத்த பாம்பைப்போல எங்கள் முன் தூக்கிப் பிடித்தார்.

"நாளைலேருந்து வேலைக்கு நிக்கிறேன்னீங்க. இன்னைக்கே இப்பிடி! ஒண்ணும் வேணாம், கெளம்புங்க."

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் அதிரவில்லை. அவர் எறிந்த துணியை எடுத்துப் பிழிந்து, மடித்து, பைக்குள் வைத்தாள்.

பாதிப் படியில் கேட்டேன்.

"வேலை விசயம் உமக்கு முந்தியே தெரியுமோ?"

"நேற்றே தெரியும். அவரின்ரை மனுசி சொன்னவ. பின்னறைக்கு என்ன நிறம் அடிக்கிறதெண்டும் கேட்டவ."

"அதுக்குத்தான் அடைச்சனீரோ?"

அவள் நின்றாள். "தண்ணி வீணாப் போகுதெண்டு அடைச்சனான். கிழங்கு நனைஞ்சது கவலைதான். உங்கடை வேலை போனதுக்கு எனக்குக் கவலையில்லை."

றோட்டுக்கு வந்தோம். நான் மோட்டார் சைக்கிளை எடுத்தேன். அவள் ஏறவில்லை. கடைக்குப் பக்கத்தில் கல்லுக்குள்ளால் வடிந்த தண்ணீரில் இரண்டு கலனையும் நிரப்பிக்கொண்டு பஸ் தரிப்பில் போய் நின்றாள்.

"இதிலை பதுளை போய் மாறிப் போவன். நீங்கள் உங்களுக்குப் பிடிச்ச இடத்துக்குப் போங்கோ."

சந்தி பத்தடியில் இருந்தது. ஒரு பக்கம் வெல்லவாய, மறு பக்கம் பண்டாரவளை. வெல்லவாயவில் கரும்பு வெட்ட ஆள் எடுப்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். இதுவரை அப்படியான சந்திகளில் நான் அதிகம் யோசித்ததில்லை. அன்று யோசித்தேன். அவள் கலன் மூடியை இறுக்கிக்கொண்டு நின்றாள், என்னைப் பார்க்கவில்லை.

"பத்து லீற்றரை பஸ்ஸிலை எப்பிடிக் காவுவீர்?"

"மடியிலை வைப்பன்."

"நாலு பஸ் மாறவேணும். சிந்தும்."

"சிந்தட்டும்."

அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. பயந்துபோனேன்.

"ஏறும்" என்றேன். "திங்கள் விடிய ஆறு மணிக்கு."

வேலணைக்கு வந்து சேர இரவு பத்து மணி தாண்டிவிட்டது. ஒரு கலன் மோட்டார் சைக்கிளின் பக்கத்தில் கட்டியபடி, மற்றது அவள் மடியில். இரண்டிலும் ஒரு சொட்டுக் குறையவில்லை.

காலையில் அந்தத் தண்ணீரில் தேத்தண்ணி ஊற்றி, பவுசரடியில் நின்ற அண்ணனுக்குக் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் ஊருக்கெல்லாம் நல்ல தண்ணீர் கொண்டுவருகிறவர். தன் தேத்தண்ணிக்கு மட்டும் வீட்டுக் கிணற்று உவர்த் தண்ணீர்தான் வேண்டும்.

"என்னடி இது? சப்பெண்டு கிடக்கு."

"மலைத் தண்ணி அண்ணை. அப்புத்தளையிலையிருந்து கொண்டுவந்தனாங்கள்."

"உப்பில்லாத தண்ணியிலை தேத்தண்ணி எடுபடுமோ? விசர் வேலை." ஆனாலும் முழுவதையும் குடித்துவிட்டு என்னிடம் திரும்பினார். "வந்திட்டீர் மச்சான். நான் இன்னொரு ஆளுக்கும் சொல்லி வைச்சனான். ஒரு நம்பிக்கைக்கு."

பவுசரின் பின்குழாய் தேய்ந்துபோய்ச் சொட்டிக்கொண்டிருந்தது. ஓடும் வழியெல்லாம் வடிந்தால் சனம் பேசும், துணி சுற்றிக் கையால் பிடித்துக்கொண்டு வாரும் என்றார். அதுதான் உதவியாளின் முதல் வேலை. மனைவி உள்ளே போய் அந்தச் சாரத்துண்டை எடுத்துவந்து நீட்டினாள். இன்னும் ஈரம் காயவில்லை.

பின்படியில் குந்தியிருந்து, இரண்டு கையாலும் குழாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டு போனேன். பவுசர் முதலில் நின்ற ஒழுங்கையில் இருபது பேரளவில் கலன்களோடு நின்றார்கள். முன்னால் நின்ற ஒரு அக்கா தன் கலனைக் குழாய்க்குக் கீழே சரியாக வைத்தாள்.

"புது ஆளோ? சிந்தாமல் திறவும் தம்பி."

துணியை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, மெல்லத் திறந்தேன்.