வழி விடாத ஐஸ் வண்டி

சில்க்போர்க் ஊருக்குள்ளிருந்து ரயில் நிலையத்துக்குப் போகும் எங்கள் பஸ் ஆமை வேகத்தில் ஊர்கிறது. முன்னால், ஐஸ் தளத்தை வழவழப்பாக்கும் பெரிய வண்டி ஒன்று ஒடுங்கிய ரோட்டை அடைத்துக்கொண்டு போகிறது. இந்த ஊர் ஐஸ் ஹாக்கிக் குழு பழைய மண்டபத்தை விட்டு, ஊருக்கு வெளியே கட்டிய புது அரங்குக்குக் குடிபோகிறதாம். வண்டியைச் சுற்றி வீரர்கள் மட்டைகளோடு நடக்கிறார்கள். ஓட்டுகிறவர் தமிழர்போல் தெரியவே, நான் இறங்கி ஓடிப்போய்க் கேட்கிறேன்.

"அண்ணை, கொஞ்சம் ஒதுங்குங்கோ. எனக்கு ரயில் போயிடும்."

"ஓம் தங்கச்சி, விளங்குது. ஆனா இந்தப் பெடியள் சீசன் முழுக்கத் தோத்தவங்கள். இண்டைக்குத்தான் முன்னுக்கு நிக்கிறாங்கள். எப்பிடி விடுறது?"

பஸ் ஹாரன் அலறுகிறது. வீரர்கள் திரும்பி, கோப்பை வென்றவர்களைப்போல மட்டைகளை உயர்த்திக் காட்டுகிறார்கள். ரயிலை விட்டுவிட்டு நான் கைதட்டுகிறேன்.