சுவரில் இருந்தது மாதா அல்ல

அப்பா இறந்தபின் அம்மா தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லைன் வீட்டில் தனியாகத்தான் இருக்கிறார். கோலாலம்பூருக்கு வந்து என்னோடு இருக்கச் சொன்னால் வரமாட்டார். நானும் பெரிதாக வற்புறுத்தியதில்லை.

அந்த வீட்டின் முன்னறையில் ஒரு படம். தோட்டத்துத் துரையின் பங்களாவை ஒழித்துச் சுத்தம் செய்தபோது குப்பைக்குப் போகவிருந்ததை, அங்கே சமையல் வேலையில் இருந்த அம்மா கேட்டு வாங்கி வந்தார். நீல அங்கி, கூப்பிய கை, மேலே பார்க்கும் கண்கள். மாதா என்றே எல்லோரும் நம்பினோம். தினமும் சாயங்காலம் அதன் முன்னால்தான் மாதாவுக்கான அருள்நிறை மந்திரம் சொல்வோம்.

நான் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் நடத்துகிறேன். ரொமாண்டிக் கவிஞர்களின் வரிகளை விக்டோரியா காலத்து ஓவியர்கள் எப்படியெல்லாம் வரைந்தார்கள் என்ற பாடத்துக்காகப் போன மாதம் படங்கள் தேடினேன். கணினித் திரையில் எங்கள் மாதா வந்து நின்றார். கடலுக்குப் போன காதலனுக்குக் காத்திருந்தே செத்துப்போன ஒரு கவிதைப் பெண்ணாம். கவிஞர் அவளுக்குக் கொடுத்தது ஒரு ஜன்னலும் காற்றும்தான். நீல அங்கியும் கூப்பிய கையும், ஓவியர் தேவாலயப் படங்களைப் பார்த்துச் சேர்த்தது. அம்மா ஏமாந்ததில் என்ன ஆச்சரியம்?

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். படித்த திமிர் விடுமா? அந்தச் சனிக்கிழமையே பஸ் ஏறி, தோட்டத்துக்குப் பக்கத்து ஊரான தானா ராத்தாவில் இறங்கி, வீட்டுக்குள் பையை வைக்கும் முன்பே சொல்லிவிட்டேன்.

"அது மாதா இல்லம்மா. ஒரு கவிதையில வர்ற பொண்ணு."

முழுக் கதையையும் கேட்டுவிட்டு அம்மா அடுப்பை அணைத்தார். படத்துக்கு முன்னால் போய் நின்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"அப்போ இத்தன வருஷமா நான் யார்கிட்டய்யா பேசிக்கிட்டிருந்தேன்?"

அப்பா போனபின் அந்த வீட்டில் அவர் பேச்சைக் கேட்க அந்தப் படத்தை விட்டால் ஆளில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"கடைசிவரைக்கும் யாருமே வரலையா அவளுக்கு?"

"வரலம்மா."

"பாவம் லா."

கழற்றிவிடுவார் என்று நினைத்தேன். முந்தானையால் கண்ணாடியைத் துடைத்து, மெழுகுவர்த்தி ஏற்றி, மண்டியிட்டார். அன்று அருள்நிறை மந்திரம் இல்லை. தனியாகச் செத்துப்போன அந்தப் பெண்ணின் ஆத்துமா இளைப்பாற வேண்டுமென்று வேண்டிக்கொண்டார். நானும் பக்கத்தில் மண்டியிட்டேன்.

எழுந்ததும் என்னைப் பார்க்காமலே கேட்டார்:

"நாளைக்கு எத்தன மணிக்குய்யா ஒனக்கு பஸ்ஸு?"