எட்டு மணி நேரம் என்று சொல்லும் முறை

ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டுக் கம்பெனி, வேலை நேரம் பற்றி எங்களிடமே விசாரிக்கும் ஆடிட்டுக்கு ஆள் அனுப்பும். அதற்கு முன், எங்கள் பனியன் கம்பெனியில் பதில் சொல்லப் பழக்க ஒருவர் வருவார். கோயில் மேடைகளில் பேசிப் பழகியவர். ஒடிசலான உடம்பு, கணீரென்ற குரல். நாங்கள் ஒப்பிக்கும்போது அவர் உதடும் சத்தமில்லாமல் கூடவே அசையும்.

“‘எட்டு மணி நேரந்தான் வேலைங்க.’ எட்டுல அழுத்தம் வேணும். அப்புறம் சின்ன நிறுத்தம். கேக்கறவங்க கண்ணைப் பாக்கோணும். ஒப்பிச்சா நம்ப மாட்டாங்க கண்ணு” என்பார்.

பக்கத்து மெஷினில் தைக்கும் திருநெல்வேலிப் பெண் ஒருநாள் கேட்டாள்: “ராத்திரி பத்து வரைக்கும் வேலை பாக்கோம்லா சார், அதை எப்படிச் சொல்லணும்?”

அவர் குரலைத் தாழ்த்தினார்.

“அதுக்கு அழுத்தம், நிறுத்தம் ஒண்ணும் வேண்டாங் கண்ணு. அதை யாரும் கேக்கப் போறதில்ல.”

ஆடிட் அன்று அவளைத்தான் கூப்பிட்டார்கள். பழக்கியபடியே சொன்னாள். ஆடிட்டுக்கு வந்தவர் தலையசைத்துக் குறித்துக்கொண்டார்.

பேசப் பழக்கியவர் வெளியே நின்றார். அவரிடம் வந்து, “சரியாச் சொன்னேனா சார்?” என்றாள்.

“நெசமாட்டவே இருந்துச்சு கண்ணு.”

கண்ணைப் பார்த்துப் பேசச் சொல்லித்தந்த மனிதர், அதைத் தரையைப் பார்த்துத்தான் சொன்னார்.

அன்றும் பத்து மணிக்குத்தான் எங்களை விட்டார்கள்.